இடக்கரடக்கலும் இடுப்பு வலியும்

உடம்பிலேயே மிகப் பெரிய தசை இருக்கும் இடம் அது. அமர்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மேலுடலின் பாரத்தைத் தாங்குவதும் அதுவே. ஆனால் இந்தியாவில் அந்த இடத்தில் எவருக்கும் வலிப்பதில்லை. தமிழருக்கு இடுப்பு வலிக்கிறது. இந்தி பேசுபவருக்குக் ‘கமர்’ வலிக்கிறது. ஆங்கிலம் படித்தவருக்கு ‘பேக் பெயின்’ வருகிறது. பிட்டம் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி மருத்துவரின் முன் அமர்பவர் அரிது. சொன்னால் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இது நகைச்சுவைத் துணுக்குக்கு உரிய செய்தி அன்று. இந்த ஒரு சொல் சொல்லப்படாமலும் கேட்கப்படாமலும் போவதால் இளைஞர்கள் முதுகெலும்பின் நெகிழ்ச்சியை இழக்கிறார்கள். சிலர் சிறுநீரை அடக்கும் ஆற்றலையே இழக்கிறார்கள். பழி மட்டும் வழக்கம்போல் நோயாளியின் மேல் விழுகிறது: ‘அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.’

டெல்லியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தமிழ் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குப் பெயர் வேண்டாம். இது தம் கதைதான் என்று சொல்லக்கூடியவர்கள் பலர் இருப்பார்கள். வயது இருபத்தாறு. வலப்பக்கப் பிட்டத்தின் ஆழத்தில் ஒரு குடைச்சல். பின்னிரவு மூன்று மணி, நான்கு மணிக்கு அது எழுப்பிவிடுகிறது. எழுந்து விடுதியின் நடைவழியில் பத்து முறை போய்வந்தால் தணிகிறது, படுத்தால் திரும்புகிறது. காலையில் குனிந்து செருப்பு வாரைப் போடுவதற்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நடுப்பகலில் ஆள் சரியாகிவிடுகிறார். சில வாரங்களில் வலி இடப்பக்கத்துக்கு மாறுகிறது. பிறகு மீண்டும் வலப்பக்கம். ஊரில் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்கிறபோதே அது ‘இடுப்பு வலி’ ஆகிவிடுகிறது. தாயிடமே இடம் பெயர்ந்துவிட்ட வலி, அயல் மொழியில் அந்நியரிடம் எப்படிச் சரியான இடத்தில் நிற்கும்?

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்குப் போகிறார். ஒரே மேசையைச் சுற்றி நான்கு நோயாளிகள். மருத்துவருக்குப் பின்னால் பயிற்சி மாணவர்கள் இருவர், அவர்களில் ஒருவர் பெண். ‘க்யா தக்லீஃப் ஹை?’ என்ற கேள்வி வருகிறது. வரும் வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்துக்கு இந்தியில் அவருக்குத் தெரிந்திருந்த ஒரே சொல்லும் விடுதி நண்பர்கள் வசவாகக் கற்றுத்தந்தது. ‘கமர் மே தர்த் ஹை, சார்.’ பேனா ஓடுகிறது: எல்.பி.ஏ., மூன்று மாதம். எல்.பி.ஏ. என்றால் கீழ்முதுகு வலி. இந்திய மருத்துவமனைச் சீட்டுகளில் அன்றாடம் காணக்கூடிய சுருக்கெழுத்து. ‘எங்கே? காட்டுங்கள்’ என்று எவரும் கேட்கவில்லை. எழுந்து நிற்கவும் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்த மூன்று எழுத்துகளுக்கு நடந்த சிகிச்சை. எக்ஸ்ரே எடுத்தார்கள். பல வாரம் காத்திருந்து முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் சற்றுப் புடைத்திருப்பதாக அறிக்கை வந்தது. பெல்ட், இழுவைச் சிகிச்சை, பலகைக் கட்டில், முழு ஓய்வு. ஓய்வெடுத்த நாள்களில்தான் வலி மிகுந்தது. அதை அடுத்த முறை சொன்னபோது ‘இன்னும் ஓய்வெடுங்கள்’ என்றார்கள். மூன்றாண்டு போயிற்று.

அந்த டிஸ்க் புடைப்பைப் பற்றி ஒரு செய்தியை உரக்கச் சொல்லியாக வேண்டும். முதுகு வலி என்பதே இல்லாத மனிதர்களின் முதுகைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வலியற்ற இருபது வயதினரிலேயே 30 விழுக்காட்டினருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. எண்பது வயதினரில் 84 விழுக்காடு. டிஸ்க் தேய்மானம் இருபது வயதில் 37 விழுக்காடு, எண்பதில் 96. நரையைப்போல, தோல் சுருக்கத்தைப்போல அது வயதின் அடையாளம். சில வேளைகளில் அதுவே வலிக்குக் காரணமாக இருக்கலாம். பல வேளைகளில் இல்லை. படம் மட்டும் இதைச் சொல்லாது, வலியின் கதையோடு சேர்த்துப் படித்தால்தான் தெரியும். 1934இல் மிக்ஸ்டரும் பார்ரும் பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதைக் காட்டிக் கட்டுரை எழுதியது மெய்யான கண்டுபிடிப்பு. அதற்குப் பிந்தைய தொண்ணூறு ஆண்டுகளில் கீழ்முதுகின் எல்லாப் பாவங்களும் டிஸ்க்கின் தலையில் ஏற்றப்பட்டது வேறு கதை.

அந்தக் கதைக்கு மொழியும் துணைபோயிருக்கிறது. தமிழில் ‘ஜவ்வு விலகிவிட்டது’, ‘எலும்பு தேய்ந்துவிட்டது’ என்கிறார்கள். வட இந்தியாவில் முதுகில் ‘கேப் வந்துவிட்டது’ என்கிறார்கள். படத்தில் உண்மையாகத் தெரிவது இடைவெளி குறைந்திருப்பது. நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போவது இடைவெளி விழுந்துவிட்டது என்ற அச்சம். இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிளவு இருப்பதாக நம்புகிறவர் குனிவாரா, நடப்பாரா? அசையாமல் இருந்தே தசையை நலியவிடுகிறார். ‘தேய்மானம்’ என்று கேட்ட முப்பது வயதுக்காரர் தம்மைப் பழைய வண்டியின் உதிரிப் பாகமாக எண்ணத் தொடங்குகிறார்.

மாணவரின் வலிக்கு வருவோம். பிட்டத்தின் ஆழத்தில், பக்கம் மாறி மாறி வரும் வலி, பின்னிரவில் எழுப்புவது, காலையில் நெடுநேர இறுக்கம், ஓய்வில் கூடி, நடையில் தணிவது, நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே, இன்ன நாள் என்று சொல்ல முடியாதபடி மெல்லத் தொடங்குவது. வாதநோய் மருத்துவப் பாடநூல் எதைத் திறந்தாலும் இந்தப் பட்டியல் இருக்கும். முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற சாக்ரோஇலியாக் மூட்டில் ஏற்படும் அழற்சியின் அடையாளங்கள் இவை. ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் என்ற நோய்க் குடும்பம்; அதில் பலரும் கேள்விப்பட்ட பெயர் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில் கழிபோல் ஆகிவிடும். தொடக்கத்திலேயே கண்டால் மருந்தும் உடற்பயிற்சியும் பெரும்பாலோரை இயல்பான வாழ்வில் வைத்திருக்கும். உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், முதல் வலிக்கும் நோயின் பெயருக்கும் நடுவே சராசரியாக ஏறத்தாழ 7 ஆண்டு கழிகிறது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய ஆண்டுகள் பிடிக்கும். முதுகெலும்புக்கென்று எடுக்கும் வழக்கமான எம்ஆர்ஐ அந்த மூட்டைச் சரிவரக் காட்டாமலே போகலாம். அதாவது, தவறான சொல் தவறான படத்துக்கு அனுப்புகிறது. தவறான படம் அந்தச் சொல்லுக்குச் சான்றாகிவிடுகிறது.

‘இடுப்பு’ என்ற சொல்லைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இடுப்பில் குடம், இடுப்பில் குழந்தை என்னும்போது அது இடை. ஆங்கிலேயர் சொல்லும் ‘வெய்ஸ்ட்’. மூதாட்டி கீழே விழுந்து ‘இடுப்பு எலும்பு முறிந்தது’ என்னும்போது அது தொடையெலும்பின் கழுத்து. பிரசவ வார்டில் ‘இடுப்பு வலி எடுத்துவிட்டது’ என்றால் கருப்பை சுருங்குகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு: ‘கையிலா, இடுப்பிலா?’ என்று செவிலியர் கேட்கிறார். ‘இடுப்பில்’ என்றதும் ஊசி ஏறுவது பிட்டத்தில். இந்திய ஆங்கிலத்தில் அதே ஊசி ‘ஹிப்’பில் போடப்படுகிறது. மருத்துவமனைக்கு உள்ளேயே, வெள்ளைச் சீருடை அணிந்தவர்களே, நாள்தோறும் இடுப்பு என்ற சொல்லால் பிட்டத்தைச் சுட்டுகிறார்கள். அடுத்த அறையில் மருத்துவர் அதே சொல்லைக் கேட்டுக் கீழ்முதுகு என்று எழுதிக்கொள்கிறார். ஊசிக்கு ஓர் இடுப்பு, நோய்க்கு இன்னோர் இடுப்பு.

இந்தியும் மேலானது இல்லை. ‘கூல்ஹா’ என்ற சொல் இடுப்பு மூட்டையும் குறிக்கும், பிட்டத்தையும் குறிக்கும். ‘கமர்’ பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு இடை என்பதோடு இடைக்கச்சை என்ற பொருளும் உண்டு. கமர் வலி என்றவருக்குப் பெல்ட் எழுதிக் கொடுப்பதில் ஒரு சொற்பிறப்பு நியாயம் இருக்கத்தான் செய்கிறது! தமிழ்ப் ‘பிருட்ட’த்தின் மூலம் முதுகைக் குறிக்கும் ‘ப்ருஷ்ட’ என்ற வடசொல். இந்தியில் முதுகைக் குறிக்கும் ‘பீட்’ என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஒரே வேர் டெல்லியில் முதுகாக நின்றுவிட்டது, தமிழில் கீழே இறங்கிவிட்டது. நாணம் ஒரு சொல்லை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த நகர்வால் கலந்துபோவது அழற்சி நோய் ஒன்று மட்டும் இல்லை. தொடையெலும்பின் தலைக்குக் குருதி ஓட்டம் நின்று எலும்பு மடிகிற நோய் உண்டு. கோவிட் காலத்தில் ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்கள் சிலருக்குப் பின்னர் அது வந்ததை இந்திய மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். அந்த வலி பெரும்பாலும் தொடை இடுக்கிலும் சில வேளைகளில் பிட்டத்திலும் தெரியும். தொடை இடுக்கு இன்னும் சொல்லக் கூசும் இடம். ஆகவே அதுவும் இடுப்பு. பிட்டத்துத் தசைக்கு அடியில் நரம்பு நெரிபடும் வலியும் இடுப்பு. பின்பையில் பருத்த பணப்பையோடு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பணப்பையே காரணமாக இருக்கலாம். மருத்துவ இதழ்களில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. எம்ஆர்ஐ அறைக்குள் போகும் முன் பணப்பையை வெளியே வைத்துவிடுவார்கள் என்பதால் படத்தில் அது வராது. உலகக் காசநோயாளிகளில் கால் பங்குக்கு மேற்பட்டோர் வாழும் நாட்டில், முதுகெலும்பில் வரும் காசநோயும் இதே ‘இடுப்பு வலி’யாகத்தான் முதலில் வந்து நிற்கிறது. மாலைக் காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டால்தான் அது தனியே பிரியும்.

நோயாளிகளின் நாணத்தைப் பழித்துச் சீர்திருத்தம் பேசுவது எளிது. ‘அறிவியல் யுகத்தில் உறுப்பின் பெயரைச் சொல்ல என்ன வெட்கம்’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வலியை நான்கு அந்நியர் சூழ நின்று அந்தப் பெயரால் சொன்னதுண்டா என்று தெரியவில்லை. தமிழ் இலக்கண மரபு அவர்களைவிட மனிதரை நன்கு அறிந்திருந்தது. அவையில் சொல்லத் தகாததைத் தகுந்த வேறு சொல்லால் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்து, அதை வழுவாக ஒதுக்காமல் தகுதி வழக்காக ஏற்றுக்கொண்டது நன்னூல். ‘கால் கழுவி வந்தேன்’ என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: சொல்பவர் மறைக்கிறார், கேட்பவர் புரிந்துகொள்கிறார். கேட்பவர் புரிந்துகொள்ளாத இடத்தில் இடக்கரடக்கல் இல்லை. வெறும் பிழைச்செய்தி இருக்கிறது. ‘கால் கழுவி வந்தேன்’ என்றவரின் பாதத்துக்கு எக்ஸ்ரே எடுப்பவரை எந்த ஊரிலும் அறிவாளி என்று சொல்ல மாட்டார்கள்.

தகுதி வழக்கில் இன்னும் இரண்டு உண்டு. மருத்துவமனை அவ்விரண்டையும் தனக்கென வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் வழங்கும் குழூஉக்குறிக்கு எல்.பி.ஏ. போதும். அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வதற்கு ‘எல்லாம் நார்மல்’ போதும்.

‘நோயாளிக்கு வலியை விவரிக்கத் தெரியவில்லை’ என்ற குற்றச்சாட்டுதான் இவை எல்லாவற்றிலும் கொடியது, ஏனென்றால் அது பொய். 1975இல் ரொனால்டு மெல்சாக் மெக்கில் வலி வினாப்பட்டியலை வெளியிட்டபோது, வலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி இருபது தொகுதிகளாக வகுத்தார். வலிக்கும் விதமே நோயைப் பற்றிய செய்தி என்பது அதன் அடிப்படை. தமிழ்ப் பேச்சில் அந்தச் செல்வம் கொட்டிக் கிடக்கிறது. குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. ‘சுரீர்னு காலுக்குள்ள இறங்குது’ என்னும் பாட்டி நரம்பு வலியைப் பாடநூலைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். ‘மதமதன்னு இருக்கு’ என்றால் உணர்வு மழுங்குகிறது. ‘விண்விண்’ணுக்கும் ‘வெடுக்’குக்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தியிலும் டீஸ் உண்டு, சுபன் உண்டு, ஜன்ஜனாஹட் உண்டு, இறுக்கத்துக்கு ஜக்டன் உண்டு. இவ்வளவும் மேசைக்கு வந்ததும் ‘பெயின்’ என்ற ஒற்றைச் சொல்லாக வற்றிவிடுகிறது. கேட்பவர் அந்த ஒன்றுக்கு மட்டுமே பெட்டி வைத்திருக்கிறார்.

மாணவரின் கதையில் திறவுகோல் காலை இறுக்கம். அந்த ‘ஜக்டன்’ என்ற சொல் அவருக்குத் தெரியாது; அவருடைய இந்தி ஆட்டோவுக்கும் உணவகத்துக்கும் போதுமான இந்தி. தமிழ் மருத்துவர் ஒருவரிடமே போயிருந்தாலும் இடர்தான்: ‘காலையில் விறைப்பு உண்டா?’ என்ற கேள்விக்கு இருபத்தாறு வயது ஆண் எதை நினைத்துக்கொண்டு தலைகுனிவார் என்று சொல்ல வேண்டியதில்லை. கலைச்சொல் ஆக்குவோர் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. ‘பிட்டம்’, ‘விறைப்பு’ என்று அகராதியில் ஏற்றிவிட்டால் பணி முடிந்தது. அந்தச் சொல்லை ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் கூசாமல் சொல்ல முடியுமா என்று சோதித்துப் பார்க்க அகராதிக் குழுவில் நோயாளி எவரும் அமர்வதில்லை.

மருத்துவக் கல்வியின் மொழி குறித்து நாட்டில் சச்சரவுக்குக் குறைவில்லை. 2022 அக்டோபரில் போபாலில் இந்தி மொழி எம்பிபிஎஸ் பாடநூல்கள் ஆரவாரத்தோடு வெளியிடப்பட்டன. ஆதரித்தும் எதிர்த்தும் ஆயிரம் குரல்கள். மருத்துவர் எந்த மொழியில் படிக்க வேண்டும் என்பதற்கு இவ்வளவு சண்டை. அவர் எந்த மொழியில் கேட்க வேண்டும் என்பதற்கு யாரும் சண்டையிடவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் இளநிலையில் 15 விழுக்காடும் முதுநிலையில் 50 விழுக்காடும் அனைத்திந்திய ஒதுக்கீடு. ஆகவே புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவரே அந்த மாநிலத்துக்குப் புதியவராக இருக்கக்கூடும். நோயாளியும் புதியவராக இருக்கலாம். சூரத்தின் விசைத்தறிகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் கஞ்சாம் மாவட்டத்து ஒடியத் தொழிலாளியின் பிட்ட வலி, ஒடியாவிலிருந்து உடைந்த இந்திக்கும், அங்கிருந்து மருத்துவரின் குஜராத்திக்கும், அங்கிருந்து சீட்டின் ஆங்கிலத்துக்கும் பயணம் செய்கிறது. ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, கடைசியில் முதுகில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் பாடத்திட்டத்தில் வட்டார மொழிப் பயிற்சியும் நோயாளியோடு உரையாடும் பயிற்சியும் இருக்கின்றன. இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் ‘உங்கள் பெயர் என்ன, ஊர் எது’ என்று கேட்கத் தெரிவது வட்டார மொழி அறிவு ஆகாது. அந்த வட்டாரத்தில் எந்தச் சொல் கூச்சம் தரும், அதற்கு மாற்றாக மக்கள் எதை வழங்குகிறார்கள் என்று தெரிவதே மருத்துவருக்கு வேண்டிய மொழியறிவு.

பெண்களின் நிலை இன்னும் மோசம். இந்த அழற்சி நோய் பெண்களிடம் கண்டறியப்பட ஆண்களைவிடக் கூடுதல் காலம் பிடிக்கிறது என்பது பல நாடுகளில் பதிவானது. நெடுங்காலம் அது ஆண்களின் நோய் என்றே பாடநூல்கள் சொல்லிவந்ததும் அதற்கு ஒரு காரணம். இந்தியாவில் அதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. எந்த வயதுப் பெண்ணின் கீழ்முதுகு வலிக்கும் பிரசவமே விடை: பிரசவமாகாதவருக்கு மாதவிடாய், ஆனவருக்கு ‘முதுகில் ஊசி போட்டதால் வந்தது’, வயது போனவருக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அறுவைப் பிரசவத்தின்போது முதுகில் போட்ட ஊசி வாழ்நாள் முழுதும் வலி தரும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகள் சான்று தரவில்லை. ஆயினும் அந்த ஊசி பல நோய்களை மறைத்து வைக்கும் திரையாக இருந்துவருகிறது. மாமியாரோ கணவரோ அருகில் நின்று மருத்துவரிடம் மொழிபெயர்க்க, தான் வலிக்கும் இடத்தை ஒரு பெண் எந்த விரலால் சுட்டிக்காட்டுவாள்?

நாணத்தின் விலை மணிக்கணக்கில் அளக்கப்படும் ஒரு நிலையும் உண்டு. பெரிதாகப் பிதுங்கிய டிஸ்க், முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால்போல் இறங்கும் நரம்புக் கொத்தை நசுக்கும்போது, குதிரைச் சேணத்தில் அமர்ந்தால் சேணம் படும் இடமெல்லாம் மரத்துப்போகும். சிறுநீர், மலக் கட்டுப்பாடு தளரும். உடனே, ஓரிரு நாளுக்குள், அறுவைச் சிகிச்சை நடக்காவிட்டால் அந்தக் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். ஆங்கிலப் பாடநூலைப் படித்தவர் ‘சேணப் பகுதியில் உணர்விழப்பு உண்டா’ என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துவிட்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார். குதிரையேறாத மக்களிடம் சேணத்தைப் பற்றிக் கேட்பானேன்? ‘மலம் கழித்துவிட்டுக் கழுவும்போது தண்ணீர் படுவது, கை படுவது தெரிகிறதா?’ இந்திய உடம்புக்கு இதைவிடத் தெளிவான சோதனை வினா இல்லை. நாள்தோறும் தண்ணீரால் கழுவும் மக்களிடம் இருந்து மட்டுமே பிறக்கக்கூடிய வினா இது. ஆனால் தேர்வில் மதிப்பெண் ‘சாடில் அனஸ்தீசியா’வுக்கு.

நேரமில்லை என்பார்கள். உண்மைதான். இந்தியாவில் முதனிலைச் சிகிச்சையில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2 நிமிடம் என்று 2017இல் வெளிவந்த பன்னாட்டு ஒப்பீடு சொல்லிற்று. வரிசை நீளமானது, மருத்துவர்கள் களைத்தவர்கள், அவர்களில் பலர் மனசாட்சி உள்ளவர்கள். பெரும்பாலான முதுகு வலி ஆபத்தற்றது, தானே தணிவது என்பதும் மெய். அதனால்தான் ஆபத்தானதைப் பிரித்தெடுக்கும் கேள்விகளை விட முடியாது. ‘எங்கே என்று ஒரு விரலால் காட்டுங்கள்’, ‘இரவில் எழுப்புகிறதா’, ‘நடந்தால் கூடுமா குறையுமா’, ‘கழுவும்போது உணர்வு தெரிகிறதா’: இவற்றைக் கேட்டு விடை பெற ஒரு நிமிடம் போதும். முதல் கேள்விக்கு மொழியே வேண்டியதில்லை. நோயாளி ஒற்றை விரலால் முதுகின் அடியில், பிட்டத்தின் மேல்விளிம்பில், குழி விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே திரும்பத் திரும்பத் தொட்டுக் காட்டினால் சாக்ரோஇலியாக் மூட்டை ஐயுறலாம் என்று 1997இல் ஃபோர்டினும் ஃபால்கோவும் எழுதினார்கள். அது தனித்து நின்று எதையும் நிறுவாது. ஆனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லும். அந்த விரலை நீட்ட ஒரு திரைச்சீலை வேண்டும். பல அரசுப் புறநோயாளிகள் பிரிவுகளில் கம்பி இருக்கிறது, சீலை இல்லை.

நேரமில்லாத அதே மருத்துவமனைக்கு பெல்ட்டுக்கும் இழுவைக் கட்டிலுக்கும் மட்டும் நேரம் இருக்கிறது. நாள்பட்ட சாதாரணக் கீழ்முதுகு வலிக்கென உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை இரண்டையும் வழக்கமான பராமரிப்பாகத் தர வேண்டாம் என்கிறது. நோயாளிக்குத் தன் வலியைப் புரியவைப்பதும் உடற்பயிற்சியும் அதில் பரிந்துரைகளாக இருக்கின்றன. புரியவைப்பதற்குப் பேச வேண்டும். பெல்ட்டுக்குப் பேச வேண்டியதில்லை. அளவு கேட்டால் போதும்.

அந்த மாணவர் கடைசியில் முதுகுக்காக எங்கும் போகவில்லை. நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் வலக்கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வலித்தது. கண் மருத்துவர் விளக்கைப் பாய்ச்சிப் பார்த்தார். கண்ணின் நடுப்படலத்தில் அழற்சி. இந்த நோய்க் குடும்பத்தில் கண்ணும் சேர்ந்து அழல்வது வழக்கம் என்று அறிந்தவர் அவர். சொட்டு மருந்தை எழுதிக்கொண்டே, நாற்காலியைச் சற்று அருகே இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: ‘பைட்னே கீ ஜகஹ் தர்த் ஹோதா ஹை?’ உட்காரும் இடத்தில் வலி உண்டா? ஊரில் பாட்டி சொல்லும் அதே ‘உட்கார்ற எடம்’, இந்தியில். மாணவர் எழுந்து, திரும்பி நின்று, முதல்முறையாக விரலால் தொட்டுக் காட்டினார். வாதநோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதும் முன் அந்த மருத்துவர் பழைய கோப்பை ஒரு முறை புரட்டினார். மூன்றாண்டில் பதினொரு வருகை. பதினொன்றிலும் முதல் வரி எல்.பி.ஏ.